அத்தையின் பழைய ஹார்ட் டிஸ்க்கும் 100 ‘எம்.பி.’ இன்டர்நெட்டும்!

அரூர் கச்சேரிமேட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது என் அத்தை வீடு. போன மாதம் போயிருந்தபோது, காபியோடு ஒரு துணிப்பையையும் கொண்டுவந்து வைத்தார். உள்ளே மாமாவின் பழைய மஃப்ளர். அதற்குள் பத்திரமாகச் சுற்றியிருந்தது ஒரு ஹார்ட் டிஸ்க். 2009-ல் மாமா வாங்கிய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியது.

“எல்லாப் போட்டோவும் வீடியோவும் இதுலதான் இருக்கு கண்ணு. பாப்பா கல்யாணத்துல அவரு மைக்கைப் புடிச்சுப் பேசுவாரு பாரு, அதுவும் இதுலதான். அவரு குரல் வேற எங்கயும் இல்ல.”

மாமா இறந்து நான்கு வருடமாகிறது. சென்னையிலிருக்கும் மகள் அந்த வீடியோக்களைக் கேட்டிருக்கிறாள். “நெட்லயே அனுப்பிடும்மா” என்று சொல்லிவிட்டாள். அத்தையும் தெருமுனைக் கடைத் தம்பியைக் கூப்பிட்டு, டிஸ்க்கை ஒரு யு.எஸ்.பி. பெட்டியில் மாட்டி, லேப்டாப்பில் இணைத்துவிட்டார்.

“டிஸ்க்கு 100 எம்.பி. ஸ்பீடுல ஓடும்மா. உங்க வீட்டு நெட்டும் 100 எம்.பி. பிளான்தான். ஒரு மணி நேரத்துல போயிடும்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் தம்பி.

ராத்திரி 9 மணிக்கு அனுப்ப ஆரம்பித்தது. காலை 6 மணிக்கு எழுந்து பார்த்தால், ‘இன்னும் 35 மணி நேரம்’ என்று காட்டியது. நடுவில் ஒருமுறை கரன்ட் போனதில் எல்லாம் நின்றுவிட்டது.

“நெட்டுக்காரன் ஏமாத்தறானா, டிஸ்க்கு கெட்டுப்போச்சா?” என்று கேட்டார் அத்தை.

யாரும் ஏமாற்றவில்லை. தம்பி சொன்ன இரண்டு 100-ம் உண்மைதான். ஆனால், அவை ஒரே 100 இல்லை!

தமிழில் காணாமல்போகும் எழுத்து

கம்ப்யூட்டர் கணக்கில் மிகச்சிறிய அளவு ‘பிட்’. பூஜ்யம் அல்லது ஒன்று, அவ்வளவுதான் ஒரு பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு ‘பைட்’. நம் போட்டோ, வீடியோ, ஹார்ட் டிஸ்க் எல்லாமே பைட் கணக்கில் அளக்கப்படுகின்றன. இன்டர்நெட் லைனின் வேகமோ பிட் கணக்கில் அளக்கப்படுகிறது.

ஆங்கிலத்தில் எழுதும்போது பிட்டுக்குச் சின்ன ‘பி’, பைட்டுக்குப் பெரிய ‘பி’ போடுவார்கள். ஒரே எழுத்துதான், சின்னது, பெரியது என்பதுதான் வித்தியாசம். தமிழில் அதற்கும் வழியில்லை. நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று கிடையாதே! மெகாபிட்டும் ‘எம்.பி.’தான், மெகாபைட்டும் ‘எம்.பி.’தான். வாயால் சொல்லும்போது யாருக்கும் தெரியாமல் எட்டு மடங்கு வித்தியாசம் காணாமல்போய்விடுகிறது.

நெட் பில்லில் இருந்த ‘எம்.பி.பி.எஸ்.’ஸைப் பார்த்து, “இந்த லைன் டாக்டருக்குப் படிச்சிருக்கா?” என்று சிரித்தார் அத்தை. அது ‘ஒரு விநாடிக்கு இத்தனை மெகாபிட்’ என்பதன் சுருக்கம்.

ஆழாக்கும் படியும்

அத்தைக்கு இதைப் புரியவைக்கக் கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை. சமையலறையில் இருந்த ஆழாக்கே போதுமானதாக இருந்தது.

“எட்டு ஆழாக்கு சேர்ந்தா என்ன அத்தை?”

“ஒரு படி.”

“அதேதாங்க. பிட்டுங்கறது ஆழாக்கு. பைட்டுங்கறது படி. நெட்டுக்காரர் 100 ஆழாக்குன்னு சொல்றாரு. டிஸ்க்குக்காரர் 100 படின்னு சொல்றாரு. நாம ரெண்டையும் 100-ன்னு மட்டும் காதுல வாங்கிக்கறோம்.”

100 ஆழாக்கு என்றால் பன்னிரண்டரை படி. அதேபோல 100 மெகாபிட் லைன் என்றால் விநாடிக்கு 12.5 மெகாபைட். அத்தையின் டிஸ்க்கோ விநாடிக்கு 100 மெகாபைட் படிக்கக்கூடியது. அதை நெட் கணக்கில் சொன்னால் 800 மெகாபிட்!

‘பைட்’ என்றால் ‘படி’ என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே ‘ப’வில் ஆரம்பிப்பதால் மறக்காது. டிஸ்க்கிலிருந்து நெட் கணக்குக்குப் போக எட்டால் பெருக்குங்கள். நெட்டிலிருந்து டிஸ்க் கணக்குக்கு வர எட்டால் வகுங்கள்.

செய்கூலி, சேதாரம் உண்டு!

நகைக்கடையில் தங்கத்தின் விலையோடு கணக்கு முடிவதில்லை. செய்கூலி, சேதாரம் என்று ஒன்று சேரும். டேட்டாவிலும் அப்படித்தான். ஒவ்வொரு துண்டுத் தகவலும் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்கிற முகவரியைச் சுமந்துகொண்டே பயணிக்கிறது. அந்த முகவரிக்கும் இடம் வேண்டும். அதனால், 100 மெகாபிட் லைனில் 12.5 மெகாபைட் முழுசாகக் கைக்கு வராது. பதினொன்று, பதினொன்றரை வந்தாலே நல்ல லைன்.

பழைய டிஸ்க்கின் லேபிளிலும் இந்தச் சேதாரம் ஒளிந்திருக்கிறது. பட்டையான ரிப்பன் கேபிள் மாட்டும் பழைய ‘ஏ.டி.ஏ.’ டிஸ்க்குகளில் 100, 133 என்ற எண்களைப் பார்க்கலாம். அவை மெகாபைட் கணக்கு. 133 என்பதை எட்டால் பெருக்கினால் 1,064 மெகாபிட். அடுத்து வந்த ‘சாட்டா’ டிஸ்க்குகளில் 1.5 ஜி.பி., 3 ஜி.பி. என்று போட்டிருக்கும். அவை ஜிகாபிட் கணக்கு. அதோடு, இந்த இரண்டிலும் எட்டு பிட்டை அனுப்ப பத்து பிட் செலவாகும். அதனால் எட்டால் அல்ல, பத்தால் வகுக்க வேண்டும். 1.5 ஜிகாபிட் என்றால் விநாடிக்கு 150 மெகாபைட். 3 ஜிகாபிட் என்றால் 300 மெகாபைட்.

இதுவும்கூட கேபிளால் தாங்க முடிகிற வேகம்தான். டிஸ்க்கின் உள்ளே சுழலும் தட்டிலிருந்து அவ்வளவு வேகமாக எடுக்க முடியாது. சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும் மாட்டுவண்டி அதன் வேகத்தில்தானே போகும்!

எனவே, மனக்கணக்குக்கு ஒரு சுலப வழி: துல்லியமாக வேண்டுமென்றால் எட்டால் வகுங்கள், நடைமுறையில் என்ன கிடைக்கும் என்று தெரிய பத்தால் வகுங்கள்.

எங்கே குறுகுகிறது?

வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இது தெரியும். மோட்டார் எவ்வளவு தள்ளினாலும், நடுவில் ஓர் இடத்தில் குழாய் குறுகினால் அந்தக் குறுகிய இடம்தான் வேகத்தை முடிவு செய்யும். டேட்டா போகும் வழியும் அப்படித்தான். அத்தை வீட்டுப் பாதையை வரிசையாகப் பார்த்தோம். கணக்குச் சுலபமாக இருக்க, எல்லாவற்றையும் மெகாபிட்டுக்கு மாற்றிக்கொண்டோம்.

முதலில் டிஸ்க்: 800 மெகாபிட்.

அடுத்து யு.எஸ்.பி. பெட்டி: தம்பி மாட்டியது பழைய 2.0 வகை. அதன் மேல் 480 மெகாபிட் என்று இருக்கும். கைக்கு வருவது விநாடிக்குச் சுமார் 30 மெகாபைட். அதாவது, 240 மெகாபிட்.

மூன்றாவது நெட் லைன்: பிளானில் 100 மெகாபிட். இங்கேதான் இன்னொரு விஷயம். அந்த 100 வீட்டுக்குள் வரும் டவுன்லோடு வேகம். வீட்டிலிருந்து வெளியே போகும் அப்லோடு வேகத்தை ஸ்பீடு டெஸ்ட்டில் பார்த்தோம். காட்டியது 20 மெகாபிட்!

நாம் படம் பார்ப்பவர்கள், பாட்டு கேட்பவர்கள். அனுப்புவதைவிட வாங்குவதே அதிகம். அதனால், பல பிளான்களில் வருகிற வேகத்தைவிடப் போகிற வேகம் குறைவாக இருக்கும். கேட்காமல் விட்டால் நமக்குத் தெரியாது.

டிஸ்க்கில் இருந்தது 400 ஜி.பி. கடைத் தம்பியின் கணக்குப்படி விநாடிக்கு 100 மெகாபைட் போயிருந்தால் 1 மணி 7 நிமிடம். 100 மெகாபிட் என்றால் கிட்டத்தட்ட 9 மணி நேரம். 20 மெகாபிட்டில் 44 மணி நேரத்துக்கும் மேல். அத்தையின் லேப்டாப் பொய் சொல்லவில்லை.

இதே குழாய்க் கணக்கில் பணமும் மிச்சமாகும். 1,000 மெகாபிட் பிளானுக்கு மாறினாலும், அந்தப் பழைய யு.எஸ்.பி. பெட்டி 240-ஐத் தாண்டித் தராது. குறுகிய இடம் எது என்று தெரியாமல் பெரிய பிளானுக்குப் பணம் கட்டுவது வீண்.

பத்தரை வருடத்திலிருந்து ஒன்பது மணி நேரத்துக்கு!

பழைய டிஸ்க்குகளின் வேகத்தை இன்றைய நெட் கணக்குக்கு மாற்றிப் பார்த்தால், நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பது புரியும்.

1956-ல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள் இருந்தன. ஒரு டன் எடைக்குக் குறையாத அந்த அலமாரி, விநாடிக்கு 8,800 எழுத்துகளைப் படித்தது. ஓர் எழுத்துக்கு 6 பிட். இன்றைய கணக்கில் சுமார் 53 கிலோபிட். ‘கீ... கர்ர்ர்’ என்று சத்தம் போட்டு இணைந்த டயல்-அப் மோடத்தின் வேகம்தான் அது!

1980-ல் சீகேட் நிறுவனம் வெளியிட்ட 5 மெகாபைட் டிஸ்க்கின் வேகம் விநாடிக்கு 5 மெகாபிட். இன்று ஒரு முழு எச்.டி. படம் தடங்கலில்லாமல் ஓட ஏறக்குறைய இதே வேகம் வேண்டும்.

லைன் பக்கம் வருவோம். 1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது வி.எஸ்.என்.எல். அப்போது சாதாரண இணைப்பின் வேகம் 9.6 கிலோபிட். அதில் அத்தையின் 400 ஜி.பி.யை அனுப்பியிருந்தால் பத்தரை வருடம் ஆகியிருக்கும். 2004-ல் மத்திய அரசு பிராட்பேண்டுக்கு வைத்த குறைந்தபட்ச வேகம் 256 கிலோபிட். அதில் 144 நாள். 2023-ல் அந்தக் குறைந்தபட்சம் 2 மெகாபிட் ஆனது. அதில் பதினெட்டரை நாள். 100 மெகாபிட்டில் ஒன்பது மணி நேரம்.

ஒரு காலத்தில் டிஸ்க் குதிரை, லைன் ஆமை. இன்று 1,000 மெகாபிட் லைன் விநாடிக்கு 125 மெகாபைட் தருகிறது. அத்தையின் 2009 டிஸ்க்கால்கூட அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

பஸ்ஸின் வேகம் எத்தனை மெகாபிட்?

அப்போதுதான் அத்தை கேட்டார், “எதுக்குக் கண்ணு இவ்ளோ பாடு? நாளைக்கு உங்க சித்தப்பா மெட்ராஸ் போறாரு. பையில வெச்சுக் குடுத்துவுட்டா என்ன?”

கேலியாகத்தான் கேட்டார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரூரிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் 7 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 400 ஜி.பி. என்றால் 32 லட்சம் மெகாபிட். அதை 25,200 விநாடியால் வகுத்தால், விநாடிக்கு 127 மெகாபிட். அத்தை வீட்டு அப்லோடைவிட ஆறு மடங்கு வேகம்! புது டிஸ்க்கில் காப்பி செய்ய ஆகும் 3 மணி 42 நிமிடத்தைச் சேர்த்தாலும் 83 மெகாபிட்.

இது வேடிக்கை இல்லை. 2009 செப்டம்பரில் தென்னாப்பிரிக்காவில் வின்ஸ்டன் என்ற புறாவின் காலில் 4 ஜி.பி. கார்டைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். ஹோவிக் பக்கமிருந்து டர்பனுக்குப் பறந்து, கார்டிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றி முடிக்கச் சுமார் 2 மணி 7 நிமிடம் ஆனது. அதே நேரத்தில், நெட் லைன் வழியே 4 சதவிகிதம்தான் போயிருந்தது. நம் கணக்கில் அந்தப் புறாவின் வேகம் 4.2 மெகாபிட்!

2019 ஏப்ரல் 10-ல் உலகமே பார்த்த கருந்துளைப் படத்தின் கதையும் இதுதான். 2017-ல் பல தொலைநோக்கிகள் பதிவு செய்த டேட்டா சுமார் 5 பெட்டாபைட், அதாவது 50 லட்சம் ஜி.பி. அதை 100 மெகாபிட் லைனில் அனுப்பினால் பன்னிரண்டரை வருடம் ஆகும். விஞ்ஞானிகள் ஹார்ட் டிஸ்க்குகளைப் பெட்டியில் அடுக்கி விமானத்தில் அனுப்பினார்கள். தென்துருவத்தில் இருந்த டிஸ்க்குகளைக் கொண்டுவர, அங்கே குளிர்காலம் முடியும்வரை மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

அவர்களுக்கு விமானம். நமக்குச் சித்தப்பாவின் பஸ்.

நாங்கள் செய்தது

மொத்தத்தையும் ஒரே வழியில் அனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்தோம். மாமா பேசும் வீடியோ 1.5 ஜி.பி.தான். 20 மெகாபிட்டில் சரியாக 10 நிமிடம். அதை முதலில் லேப்டாப்பில் காப்பி செய்து, நெட்டில் அனுப்பினோம்.

பிறகு புது டிஸ்க் ஒன்று வாங்கி மீதியைக் காப்பி செய்ய ஆரம்பித்தோம். கணக்குப்படி 3 மணி 42 நிமிடத்தில் முடிய வேண்டியது. ஆனால், பழைய டிஸ்க் அங்கங்கே திணறி நின்று நின்று ஓடி, ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்டது. பதினான்கு போட்டோக்கள் கடைசிவரை திறக்கவில்லை. 44 மணி நேரம் அதை இடைவிடாமல் ஓடவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ என்று நினைக்கவே பயமாக இருந்தது. டிஸ்க்கின் ஆயுளும் ஒரு குறுகிய குழாய்தான்.

உங்கள் வீட்டு பீரோவிலும் இப்படி ஒரு டிஸ்க் தூங்கிக்கொண்டிருக்கலாம். அதை எடுப்பதற்கு முன்னால் இவற்றைக் கவனியுங்கள்:

* நெட் பிளான் வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். ‘மெகாபிட்டா, மெகாபைட்டா?’, ‘அப்லோடு வேகம் எவ்வளவு?’

* 1 ஜி.பி. அனுப்ப எத்தனை விநாடி ஆகும் என்று தெரிய, 8,000-ஐ அப்லோடு வேகத்தால் வகுங்கள். 10 மெகாபிட் என்றால் 13 நிமிடம் 20 விநாடி. 20 என்றால் 6 நிமிடம் 40 விநாடி. 50 என்றால் 2 நிமிடம் 40 விநாடி. 100 என்றால் 1 நிமிடம் 20 விநாடி.

* போனில் ஒரு நாளைக்கு 2 ஜி.பி. டேட்டா என்றால், 400 ஜி.பி. அனுப்ப 200 நாள் ஆகும். வேகத்தோடு தினசரி அளவையும் பாருங்கள்.

* 500 ஜி.பி. டிஸ்க்கை விண்டோஸ் 465 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். விண்டோஸ் 1,024, 1,024-ஆக எண்ணுகிறது. எதுவும் திருடு போகவில்லை.

* முக்கியமானதை முதலில் காப்பி செய்யுங்கள். மொத்தமும் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

* டிஸ்க் ‘டிக்... டிக்...’ என்று சத்தம் போட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்காமல், டேட்டா மீட்பு தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். தட்டிப் பார்ப்பது, ஃப்ரிட்ஜில் வைப்பது போன்ற வைத்தியங்கள் வேண்டாம்.

* ஒரு காப்பி போதாது. இரண்டு காப்பிகள், இரண்டு வெவ்வேறு வீடுகளில் இருக்கட்டும்.

அந்த முதல் வீடியோ போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் சென்னையிலிருந்து போன் வந்தது. ‘ஹலோ’ என்ற குரலுக்குப் பிறகு பேச்சே இல்லை. பின்னால் மைக் சத்தத்தில், தீர்த்தமலைக் கல்யாணக் கூட்டத்துக்கு நடுவே மாமா பேசுவது மட்டும் கேட்டது. அத்தை போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அப்படியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, புது டிஸ்க்கை அதே மஃப்ளரில் சுற்றிச் சித்தப்பாவின் பையில் வைத்தார். “கீழ வெச்சுடாதீங்க, மடியிலயே வெச்சுக்குங்க” என்று மூன்று முறை சொன்னார். பஸ் கிளம்பியதும் என் பக்கம் திரும்பி, “127 எம்.பி. கெளம்பிடுச்சு” என்றார்.

“மெகாபிட் அத்தை.”

“தெரியும் கண்ணு. ஆழாக்குதானே!”